முக்கூடல் கரையில் – 14: ஓலையில் வந்த சவால்

சென்ற வாரம் பழையசீவரத்தில் நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் கோயிலுக்குள் போகலாம் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டில் நடந்த பேச்சு என்னைச் சுற்றுவழியில் இழுத்துக்கொண்டு போய்விட்டது. சுற்றினாலும் போய்ச் சேரும் இடம் அந்தக் கோயில் சுவர்தான்.

நான் போனபோது வீட்டுக்காரர் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவைப் பிணைத்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றையும் விரல் நுனியில் திரித்துச் சேர்க்க வேண்டும். அவருடைய மகன் தொலைக்காட்சியில் தமிழில் பேசும் ஆங்கிலப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். வான் டாம் நடித்து, தானே இயக்கிய ‘தி குவெஸ்ட்’. 1996-இல் வந்தது. கதை நடக்கும் ஆண்டு 1925. திபெத்தில் மறைந்து கிடக்கும் ஒரு நகரத்தில் உலகத்துச் சண்டைக்காரர்கள் கூடுகிறார்கள். வென்றவனுக்குப் பொன்னால் செய்த டிராகன் பரிசு. போட்டிக்கு அழைப்பு சுருட்டிய ஓலையாக வருகிறது. ஓலை வந்தது அமெரிக்கக் குத்துச்சண்டை வீரன் ஒருவனுக்கு. கடைசியில் களத்தில் இறங்குவது வேறொருவன். நியூயார்க் தெருவில் வளர்ந்த கதாநாயகன் அவனுடைய இடத்தில் நின்று சண்டை போடுகிறான்.

வீட்டுக்காரர் இழையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: “இந்த மாதிரி நாடு விட்டு நாடு ஓலை அனுப்பி, தேதி குறிச்சு, சண்டைக்குக் கூப்பிட்டது நம்ம பக்கத்துல நடந்திருக்கா சார்? போதிதர்மர் கதைய விடுங்க. அது தெரியும். கல்லுல இருக்கறதா ஒண்ணு சொல்லுங்க.”

நல்ல கேள்வி. போதிதர்மரை விடச் சொன்னதும் நியாயம்தான். 2011-இல் ‘ஏழாம் அறிவு’ வந்த பிறகு, காஞ்சிபுரத்திலிருந்து சீனாவுக்குப் போய் ஷாவோலின் துறவிகளுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தவர் அவர் என்று தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளையும் சொல்லும். தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று அவரைச் சொல்கிறது. ஆனால் அவரையும் சண்டைக் கலையையும் முடிச்சுப் போடும் நூல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியது. அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பினாலேயே இல்லாத சான்றை அவர்மேல் ஏற்ற மனம் வரவில்லை.

கல்லில் இருப்பது வேறு. அதற்கு முன் நம் மல்லர்களை ஒரு பார்வை பார்த்துவிடுவோம்.

மற்போரைக் கண்ணால் கண்டதுபோலச் சொல்லும் பாட்டுகள் புறநானூற்றிலேயே இருக்கின்றன. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத சண்டையைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். பல்லவர் காலத்துக்கு வந்தால் அரசனே மல்லன். முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்று பெயர்; மாமல்லபுரம் அந்தப் பெயரைத் தாங்கிய ஊர். அவன் சாளுக்கிய இரண்டாம் புலிகேசியைப் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்னும் களங்களில் தோற்கடித்து, 642 வாக்கில் வாதாபியைப் பிடித்தான். காஞ்சிக்குப் பக்கத்துக் கூரத்தில் கிடைத்த செப்பேடு இந்த வெற்றியைச் சொல்லும் விதம் மறக்க முடியாதது. தோற்று ஓடிய புலிகேசியின் முதுகையே ஏடாக்கி, அதில் வெற்றி என்னும் சொல்லை மாமல்லன் எழுதினானாம். எதிரியின் முதுகைக் காண்பதுதான் வெற்றிக்கு அடையாளம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மணிமங்கலம் என்ற பெயரையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு நூற்றாண்டு கழிகிறது. பல்லவரும் இல்லை, வாதாபிச் சாளுக்கியரும் இல்லை. அவர்கள் இடத்தில் இங்கே சோழர், அங்கே கல்யாணியை ஆண்ட மேலைச் சாளுக்கியர். பகை மட்டும் பழையபடி இருந்தது. 1054-இல் கொப்பத்துப் போரில் இராசாதிராச சோழன் யானை மேலேயே உயிர்விட்டான். ‘யானைமேல் துஞ்சின தேவர்’ என்று கல்வெட்டுகள் அவனைச் சொல்வது அதனால்தான். தம்பி இரண்டாம் இராசேந்திரன் அதே களத்தில் முடி சூடிக்கொண்டு போரைத் திருப்பினான். அடுத்த தம்பி வீரராசேந்திரன், 1063 முதல் 1070 வரை ஆண்டவன். எதிரே நின்றவன் முதலாம் சோமேசுவரன். அவனுடைய பட்டப்பெயர் ஆகவமல்லன். ஆகவம் என்றால் போர். போரில் மல்லன் என்று பொருள்.

இந்த இருவரும் மோதிய களங்களில் பெரியது கூடல்சங்கமம். இரண்டு ஆறுகள் கூடும் இடம். அது துங்கையும் பத்திரையும் கூடும் கூடலியா, கிருஷ்ணையும் மலப்பிரபையும் கூடும் இடமா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. போரின் முடிவில் வேற்றுமை இல்லை. ஆகவமல்லனும் அவன் மக்கள் விக்கலன், சிங்கணன் இருவரும் களத்தை விட்டு ஓடினார்கள். பாசறை, கருவூலம், அரண்மனைப் பெண்கள், புட்பகம் என்ற யானை, சாளுக்கியரின் வராகக் கொடி எல்லாம் சோழன் கையில் விழுந்தன.

சினிமாப் போட்டியில் நடுவர் ஒருவர் நிற்பார். விழுந்தவனை அடிக்கக் கூடாது என்று ஏதாவது விதி இருக்கும். இங்கே எதுவும் இல்லை. கூடலுக்கு முன்பு வேங்கி நாட்டில் நடந்த சண்டையில் சாமுண்டராசன் என்னும் தண்டநாயகனின் தலையைக் கொய்து, அவனுடைய ஒரே மகள் நாகலையின் மூக்கையும் அரிந்ததாக வீரராசேந்திரனின் மெய்க்கீர்த்தி பெருமையாகச் சொல்கிறது. மயில் போன்றவள் என்று அவளுடைய அழகைச் சொன்ன கையோடு சொல்கிறது. சோழரின் பெருமையை எழுத உட்காருகிறவர்கள் பலர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது. அவள் வாள் எடுத்து வந்தவள் அல்லள். அவள் செய்த குற்றம் இன்னாருக்கு மகளாகப் பிறந்ததுதான்.

இனி ஓலைக்கு வருவோம்.

மணிமங்கலம் இராசகோபாலப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திரனின் 5-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. நாளைக் கணித்துப் பார்த்தவர்கள் 1067 செப்டம்பர் என்கிறார்கள். மாமல்லன் புலிகேசியை வென்ற அதே மணிமங்கலம். அந்தக் கல் சொல்லும் கதை இது.

தோல்வியும் பழியும் தாங்காத ஆகவமல்லன், இப்படி வாழ்வதைவிடச் சாவதே மேல் என்று நினைத்தான். சோழனுக்கு ஓலை எழுதினான். தானும் மக்களும் எந்தக் கூடலில் முதுகு காட்டினார்களோ, அதே கூடல்தான் அடுத்த களம் என்றான். நாளும் குறித்தான். அஞ்சி அங்கே வராமல் போகிறவர் அரசர் அல்லர், போரில் பழிபட்ட புரட்டர் என்றும் எழுதினான். புரட்டர் என்ற சொல்லையே கல் சொல்கிறது. நாம் இன்றைக்கும் புரட்டன், புரட்டு என்கிறோமே, அதே சொல். கங்காகேத்தன் என்பவன் பெயர் இந்தத் தூதில் வருகிறது. ஓலை படிக்கப்பட்டதைக் கேட்டு வீரராசேந்திரனின் இரு தோள்களும் பூரித்தன.

ஒரு நிமிடம் இங்கே நிற்க வேண்டும். மன்னர்கள் படையெடுப்பார்கள், ஊரைக் கொளுத்துவார்கள், கோட்டையை முற்றுகையிடுவார்கள். ஒருவன் இன்னொருவனுக்கு இடமும் நாளும் எழுதி அனுப்பி, வராதவன் புரட்டன் என்று பந்தயமும் கட்டியதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் கல்வெட்டுகள் அரிது. இரண்டு பேரரசுகள், ஒரு களம், ஒரு தேதி. வலிமையையே பொருளாகக் கொண்டு வருகிற வேந்தனை எதிர்கொள்ளப் புறப்படுவதற்குத் தும்பைத் திணை என்று நம் இலக்கணமே பெயர் வைத்திருக்கிறது. பிள்ளையார்பாளையத்துக்காரர் கேட்டது இதைத்தான்.

சோழன் போனான். கரந்தை என்னும் இடத்தில் வந்து இறங்கினான். குறித்த நாள் வந்தது, ஆகவமல்லன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. படையோடு அங்கேயே ஒரு மாதம் காத்திருந்தான்.

எத்தனை ஆயிரம் பேர், எத்தனை யானை என்று கல் சொல்லவில்லை. ஆனால் ஒரு படை ஒரு மாதம் ஓரிடத்தில் கிடப்பது என்றால் என்ன என்பதை நாம் நினைத்துப் பார்க்கலாம். யானைக்குத் தழை, குதிரைக்குக் கொள்ளு, ஆளுக்குச் சோறு. அத்தனையும் சுற்றியுள்ள ஊர்களின் வயலிலிருந்தும் குதிரிலிருந்தும்தான் வர வேண்டும். சண்டையே நடக்காத அந்த ஒரு மாதத்தில் அந்த ஊர்கள் பட்ட பாட்டை யாரும் கல்லில் வெட்டவில்லை.

பிறகு சோழன் சாளுக்கியரின் நாடான இரட்டபாடி ஏழரை இலக்கத்தை எரியூட்டினான். துங்கபத்திரைக் கரையில் வெற்றித் தூண் நாட்டினான். ஆகவமல்லன் கால் நோக ஓடி மேலைக் கடலில் ஒளிந்தான் என்று எழுத வைத்தான். அதோடும் விடவில்லை. ஒரு புரட்டனை வல்லவன், அதாவது சாளுக்கிய வேந்தன், என்று நியமித்து, கழுத்தில் கண்டிகை கட்டி, அவனுடைய தோல்விகளைப் பலகையில் எழுதிக் காட்டினான் என்கிறது கல்வெட்டு. ஆகவமல்லனைப் போல் ஓர் உருவபொம்மை செய்து அவமானப்படுத்தியதாக வரலாற்றாசிரியர்கள் சிலர் இதற்குப் பொருள் கொள்கிறார்கள். அழைப்பு வந்தது ஒருவனுக்கு, களத்தில் நின்றது இன்னொருவன் என்ற அந்தப் படத்தின் கதை, கல்லில் இப்படி இருக்கிறது. ‘ஆகவமல்லனை ஐம்மடி வென்கண்ட’ என்பது வீரராசேந்திரனின் விருது. ஐந்து முறை முதுகு கண்டவன். கூரத்துச் செப்பேடு சொன்ன அதே முதுகு.

சவால் விட்டவன் ஏன் வரவில்லை? தானே இடம் சொல்லி, தானே நாள் குறித்து, வராதவன் புரட்டன் என்று தன் கையால் எழுதியவன் வராமல் இருக்கக் காரணம் வேண்டாமா?

பதில் துங்கபத்திரையில் இருக்கிறது. 1068 மார்ச் 29 அன்று, குருவத்தியில் ஆற்றில் இறங்கிச் சோமேசுவரன் உயிரை விட்டான். சாளுக்கியர் கல்வெட்டே இந்த நாளைச் சொல்கிறது. அவன் மகன் விக்கிரமாதித்தனின் அவையில் இருந்த காசுமீரப் புலவர் பில்கணர், ‘விக்கிரமாங்கதேவ சரிதம்’ என்னும் வடமொழிக் காவியத்தில் அந்தக் காட்சியைப் பாடியிருக்கிறார். உடம்பை எரிக்கும் காய்ச்சல். எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. பிழைக்க மாட்டோம் என்று தெரிந்ததும் அரசன் துங்கபத்திரைக்குப் போகிறான். பொன்னைத் தானமாக வாரிக் கொடுக்கிறான். சிவனை நினைத்தபடி, வாத்தியங்கள் முழங்க, கழுத்தளவு நீரில் போய் நிற்கிறான்.

கரந்தையில் சோழன் காத்திருந்ததற்கும் இந்தச் சாவுக்கும் இடையே அதிக காலம் இல்லை. கூடலுக்கு அவன் வராமல் போனதற்கு நோய்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று கருதுவோர் உண்டு. நானும் அதையே நம்புகிறேன். சாவதே மேல் என்று சவால் விட்டவன், சாகப் பயந்து கடலில் ஒளிந்தான் என்பது பொருந்தவில்லை. அவனைப் படுக்கையில் தள்ளியது சோழனின் யானை அல்ல, காய்ச்சல். வென்றவனின் கல்லில் மட்டும் அவன் இன்றுவரை புரட்டனாகவே நிற்கிறான்.

இப்போது ஆற்றைக் கடப்போம்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்கேயும் கூடல், இங்கேயும் கூடல். தென்கரையில் அப்பன் பிரசன்ன வெங்கடேசப் பெருமாள் கோயில். பல்லவன் நிருபதுங்கவர்மன் காலக் கல்வெட்டும் அங்கே உண்டு. நாம் தேடி வந்தது திருச்சுற்றின் கீழைச் சுவரில் இருக்கிறது. வீரராசேந்திரனின் 6-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1068-69. மொத்தம் 55 வரிகள். ஆகவமல்லன் ஆற்றில் இறங்கிய காலத்தை ஒட்டி வெட்டப்பட்ட கல் இது.

வெயில் மேலிருந்து சாய்ந்து விழும்போது போய்ப் பாருங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் கட்டும். அப்போதுதான் வரி தெளியும். புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ஒரே ஓட்டமாகப் போகும். தொடக்கம் முழுக்க அரசனின் போர்ச் செயல்கள். தோள்வலி, யானை, முடி, முதுகு. மெய்க்கீர்த்தி முடிந்து, கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனையில் இருந்தபடி அரசன் இட்ட ஆணை தொடங்குகிறது. வயலைக்காவூர் வருமானத்தை எது எதற்குச் செலவிட வேண்டும் என்ற கணக்கு. அங்கே கல்லின் குரலே மாறிவிடுகிறது.

மாதவன் தாமயன் என்னும் வணிகர் கட்டிய சனநாத மண்டபத்தில் வேதமும் இலக்கணமும் படிக்கிற பிள்ளைகள். அவர்களுக்குச் சோறு, படுக்கப் பாய், இரவு விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை தலைக்கு எண்ணெய். குடிக்க ஏலமும் இலாமிச்சை வேரும் போட்டு மணமூட்டிய தண்ணீர். அதை அடுத்து வருகிறது வீரசோழன் ஆதுலர் சாலை. ஆதுலர் என்றால் நோயாளிகள்.

நோய்ப்பட்டுக் கிடப்பவர் பதினைந்து பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. மருத்துவர் ஆலப்பாக்கத்துச் சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை செய்கிறவர், அதாவது அறுவை மருத்துவர், ஒருவர்; அவருக்கு 30 கலம். மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்ச இரண்டு ஆள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர். நாவிதர் ஒருவர். தண்ணீர் எடுக்க ஒருவர். இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு.

அதன் பிறகு மருந்துப் பட்டியல். ஓர் ஆண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய இருபது வகை. வாசா ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம், விமலை, சுநேத்திரி, ஆண்டுக்கணக்கில் வைத்த பழைய நெய். ஹரீதகி நம் கடுக்காய். வாசா ஆடாதோடை. இருமல் வந்தால் இன்றைக்கும் நம் வீடுகளில் ஆடாதோடை இலையைத்தானே கொதிக்க வைக்கிறோம்? சுநேத்திரி கண்ணுக்கு உரிய மருந்து. ஏட்டை வெகுநேரம் பார்க்கிற மாணவனுக்கு அது தேவைப்பட்டிருக்கும்.

இந்தச் சாலை போர்வீரர்களுக்காக ஏற்பட்டது அல்ல. படிக்கிற பிள்ளைகளுக்கும் கோயிலில் வேலை செய்தவர்களுக்கும் உரியது. கரந்தையில் காத்துக் கிடந்த காலாள் எவனும் இந்தப் பதினைந்து பேரில் ஒருவனாகப் படுத்திருக்க மாட்டான். எதிரியின் காய்ச்சலைக் கேள்விப்பட்டு மனம் இளகி அரசன் இதை வைத்தான் என்றும் நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல ஒரு எழுத்தும் சான்று இல்லை. ஆனால் எனக்கு அந்த முதல் வரிகளைவிட இந்தக் கடைசி வரிகள் பெரியவை. ஐந்து முறை முதுகு கண்டது ஒருவனுடைய விருது. ஒரு நாழி அரிசியும் இரவு விளக்கும், பெயர் தெரியாத யாரோ ஒரு மாணவன் காய்ச்சலில் கண் விழித்தபோது அவன் பக்கத்தில் இருந்தவை.

மல்லர்களின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஆகவமல்லன் போன பிறகு வீரராசேந்திரன் தன் மகளை அவன் மகன் விக்கிரமாதித்தனுக்கே மணம் செய்து கொடுத்தான். கூடல்சங்கமத்தில் முதுகு காட்டி ஓடிய விக்கலன் இந்த விக்கிரமாதித்தன்தான்; அவனே சோழன் வீட்டு மருமகன் ஆனான். 1070-இல் வீரராசேந்திரனும் இறந்தான். அவன் செய்த பொம்மை எந்த மண்ணில் போயிற்றோ. ஆதுலர் சாலையின் கணக்கு மட்டும் சுவரில் இருக்கிறது.

பொங்கலை ஒட்டிப் பார்வேட்டைக்காகக் காஞ்சி வரதர் பழையசீவரம் வந்து, ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு எழுந்தருளுவார். அன்றைக்கு ஆற்று மணல் தெரியாத அளவு கூட்டம் இருக்கும். போகிறவர்கள் பெருமாளைச் சேவித்துவிட்டு, கீழைச் சுவர்ப் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போய், ஆதுலர் சாலை என்ற எழுத்துகளைத் தேடச் சொல்லுங்கள். சுவரில் சாய வேண்டாம், கையில் மிஞ்சிய குங்குமத்தை அதில் தடவ வேண்டாம். எழுத்து ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது.

(தொடரும்)